இறுதிப் பக்கங்களில் இடறிய பெருங்கதை



சிறந்த நாவல் ஒன்று தன் முடிவினாலேயே குறைபட்டுப் போவது உண்டா? உண்டென்றால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது? இவ்வினாக்களைப் பொதுப்பட வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்கிறேன். ருஷ்ய நாவலாசிரியர் பியோதர் தாஸ்தாயெவ்ஸ்கி எழுதி, 1866-ஆம் ஆண்டில் 'ருஷ்யத் தூதன்' என்னும் மாத இதழில் தொடர்கதையாக வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' என்பதே அந்நூல். எம். ஏ. சுசீலா அவர்கள் இதனைத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பல மொழிபெயர்ப்புகள் உண்டு.

கதையின் முடிவை நான் வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். முடிவைச் சொல்லிவிட்டால் சுவை கெட்டுவிடுமே என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கொலை செய்தவன் யார் என்பதை முதற் பாகத்திலேயே நம் கண்ணெதிரில் காட்டிவிடும் நூல் இது. துப்பறியும் கதைகளில், செய்தவன் யார் என்ற வினா நம்மை இழுத்துச் செல்லும். இங்கோ, செய்தவனை நாம் அறிவோம். அவனுடைய உள்ளத்துக்குள்ளேயே நாம் குடியிருக்கிறோம். இனி அவன் என்ன ஆவான் என்பதே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. ஏறத்தாழ ஐந்நூறு பக்கங்கள் வரை அந்தப் பிடி தளர்வதில்லை.

ரஸ்கோல்னிகோவ் என்பவன் 23 வயது இளைஞன். சட்டம் பயின்றவன், பணமின்மையால் படிப்பை நிறுத்தியவன். பீட்டர்ஸ்பர்க் நகரில், ஐந்தடுக்கு வீடு ஒன்றின் கூரைக்கடியில், அலமாரி போன்ற சிறு அறையில் தனியே கிடக்கிறான். அவனிடம் பணமில்லை, ஆனால் ஒரு கருத்து இருக்கிறது. மனிதருள் இருவகையினர் உண்டு. பெரும்பாலோர் சட்டத்துக்கு அடங்கி நடக்கப் பிறந்தவர்கள். நெப்போலியன் போன்ற மிகச் சிலருக்கோ, உயர்ந்த நோக்கம் ஒன்றன் பொருட்டு இரத்தத்தைத் தாண்டிச் செல்லவும் உரிமை உண்டு. இதனை அவன் ஒரு கட்டுரையாகவே எழுதி அச்சேற்றியும் இருக்கிறான். தான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறான். அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியைக் கொல்வது என்று முடிவு செய்கிறான்.

அறிவும் வறுமையும் தனிமையும் ஒருங்கே வாய்த்த இத்தகைய இளைஞரை, வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் கழித்த என் போன்றோர் நன்கு அறிவோம். அவர்களுடைய அறைகளில் பெரும்பாலும் தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ஆயினும் பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் ஒரு கருத்து எவ்வளவு விரைவாக வளர்ந்துவிடும் என்பதை இந்நாவலைப் போலக் காட்டிய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

தன் வீட்டு வாயிலிலிருந்து கிழவியின் வீடு வரைக்கும் எத்தனை காலடி என்பதை அவன் எண்ணி வைத்திருக்கிறான்: சரியாக 730. மேலங்கியின் உட்புறத்தில் கோடாரியைத் தொங்கவிடத் துணியால் ஒரு வளையம் தைத்துக்கொள்கிறான். மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி, வெள்ளிப் பெட்டி என்று சொல்லி அடகு வைப்பதற்காக இறுகக் கட்டிவைக்கிறான். முடிச்சை அவிழ்க்கக் கிழவிக்கு நேரம் பிடிக்க வேண்டும் அல்லவா? இவ்வளவு கணக்கும் செய்தவன், கோடாரி எடுக்க நினைத்திருந்த சமையலறையில் வேலைக்காரி இருப்பதைக் கண்டு திகைக்கிறான். பிறகு வாயிற்காவலனுடைய அறையில் மற்றொரு கோடாரி தற்செயலாகக் கண்ணில் படுகிறது. வீட்டில் இருக்கமாட்டாள் என்று அவன் நம்பியிருந்த கிழவியின் தங்கை லிசவேத்தா, யாருக்கும் தீங்கு நினையாத எளியவள், எதிர்பாராமல் திரும்பி வருகிறாள். ஒரு கொலை இரண்டாகிறது. கருத்தில் இடம்பெறாத அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றி ரஸ்கோல்னிகோவ் மிக அரிதாகவே நினைக்கிறான் என்பதை, படிக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு வரும் சில பக்கங்களைப் படிக்கும்போது மூச்சு நின்றுவிடும். இருவர் வந்து வெளியிலிருந்து மணியை அடிக்கிறார்கள். உள்ளே கொலைகாரன் கையில் கோடாரியுடன் நிற்கிறான். வந்தவன் கதவைப் பிடித்து இழுக்க, உட்புறக் கொக்கி துள்ளித் துள்ளி ஆடுகிறது. 'கதவு பூட்டப்படவில்லை, உள்ளே கொக்கி போட்டிருக்கிறது, ஆகவே உள்ளே ஆள் இருக்க வேண்டும்' என்று வந்தவருள் ஒருவன் கண்டுபிடித்துவிடுகிறான். ஒருவன் காவலனை அழைக்கக் கீழே போகிறான். மற்றவன் சிறிது நேரம் காத்திருந்து, பொறுமையிழந்து, அவனும் இறங்குகிறான். ரஸ்கோல்னிகோவ் வெளியேறி, வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஆட்கள் அப்போதுதான் விட்டுச் சென்ற காலி வீடு ஒன்றின் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். தேடுவோர் அவனைக் கடந்து மேலே ஓடுகின்றனர். நாம் பெருமூச்சு விடுகிறோம். யாருக்காக? இரண்டு பெண்களைக் கொன்றவனுக்காக! அதனை உணர்ந்ததும் நமக்கே நாணமாக இருக்கிறது. வாசகனையும் குற்றத்துக்கு உடந்தையாக்கிவிடும் இந்த ஆற்றல்தான் நூலின் உயிர்நாடி.

கொலை முதற் பாகத்தோடு முடிகிறது. எஞ்சிய ஐந்து பாகங்களும் அச்சத்தின் வரலாறு. மறுநாட் காலையிலேயே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது; வீட்டுக்காரிக்குத் தர வேண்டிய கடனுக்காக மட்டுமே! அங்கே யாரோ கொலையைப் பற்றிப் பேச, இவன் மயங்கி விழுகிறான். திருடிய பொருள்களை ஒரு முற்றத்தில் பெரிய கல்லுக்கடியில் புதைத்துவிட்டு, அதன்பின் அவற்றை எடுத்துப் பார்ப்பதே இல்லை. பணப்பையை அவன் திறந்தும் பார்த்ததில்லை என்பதைக் கேட்டு நீதிமன்றத்தார் நம்ப மறுக்கின்றனர். அப்பையில் இருந்தது 317 ரூபிளும் சில்லறையும்.

விசாரணை அதிகாரி போர்பிரி பெத்ரோவிச் மூன்று முறை அவனைச் சந்திக்கிறார். அவரிடம் சான்று ஏதும் இல்லை. அவர் சிரிக்கிறார், வளவளவென்று பேசுகிறார், பேச்சை எங்கெங்கோ கொண்டு போகிறார். விளக்கைச் சுற்றும் விட்டிலைப் போல இவன் தாமாகவே தம்மிடம் வந்து விழுவான் என்று காத்திருக்கிறார். மூன்றாம் முறை அவனுடைய அறைக்கே வந்து, கொன்றவன் நீதான் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, தானாகச் சரணடைந்தால் தண்டனை குறையும் என்று அறிவுரையும் கூறிச் செல்கிறார். மிரட்டல் இல்லாத அந்தச் சந்திப்புத்தான் மூன்றிலும் அச்சம் மிக்கது.

மற்றொரு புறம் சோனியா. குடிகாரத் தந்தையின் குடும்பத்தைக் காப்பதற்காகத் தன்னை விற்க நேர்ந்த பெண். ரஸ்கோல்னிகோவ் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். அவள் வாதம் செய்வதில்லை. நாற்சந்திக்குப் போய் மண்ணை முத்தமிட்டு உலகறியச் சொல் என்கிறாள். இறுதியில் அவன் வைக்கோற் சந்தைக்குப் போகிறான், மண்டியிடுகிறான், சுற்றியிருந்தவர்கள் குடிகாரன் என்று எண்ணி நகைக்கிறார்கள், சொல்ல வந்த சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பின்பு காவல் நிலையத்தின் படிகளில் ஏறுகிறான். அங்கும் சொல்ல வாய் வரவில்லை. இறங்கி வருகிறான். கீழே முற்றத்தில் சோனியா நிற்கிறாள். வெளுத்த முகத்துடன், ஒன்றும் பேசாமல். மீண்டும் படியேறுகிறான். சொல்கிறான்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்பது என் துணிபு. ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறிய அந்தப் படிக்கட்டுக்குள் நாவல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவன் திருந்தினானா என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவனால் தனியே இருக்க முடியவில்லை என்பது ஐயமறத் தெரியும்.

ஆசிரியர் இவ்விடத்தில் நிறுத்தவில்லை. ஆறு பாகங்களுக்குப் பிறகு இரண்டு சிறிய அதிகாரங்கள் கொண்ட பின்கதை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இடம் சைபீரியா. தண்டனை 8 ஆண்டு. வழக்கு, தாயின் மரணம், தங்கையின் திருமணம் ஆகியவை அலுவலகக் குறிப்பேடு போலச் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிறையில் ரஸ்கோல்னிகோவ் வருந்துவதில்லை என்று ஆசிரியர் அஞ்சாமல் எழுதுகிறார். தான் செய்தது பாவம் என்று அவனுக்குத் தோன்றவில்லை; செய்ததைத் தாங்கிக்கொள்ளும் வலிமை தனக்கு இல்லாமற் போயிற்றே என்பதுதான் அவனுடைய வெட்கம். உடனிருக்கும் கைதிகள் அவனை வெறுக்கின்றனர்; அவனைத் தொடர்ந்து வந்து அவ்வூரிலேயே தங்கிவிட்ட சோனியாவையோ தாயென்று போற்றுகின்றனர். இதுவரை எல்லாம் மெய்.

பிறகு ஒரு காலைப் பொழுது. ஆற்றங்கரையில் வேலை. அகன்ற ஆற்றுக்கு அப்பால் நாடோடிகளின் கூடாரங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன. சோனியா வந்து அருகில் அமர்கிறாள். எது தன்னைப் பற்றித் தள்ளியது என்று அறியாமலே அவன் அவள் காலடியில் விழுந்து அழுகிறான். அவ்வளவுதான். அன்பு பிறந்துவிட்டது, புதுவாழ்வு தொடங்கிவிட்டது என்று ஆசிரியர் நமக்கு அறிவிக்கிறார். தலையணைக்கடியில் புதிய ஏற்பாடு இருக்கிறது. அவன் அதனை இன்னும் திறக்கவில்லை. படிப்படியாக அவன் மறுபிறப்பு எய்திய வரலாறு வேறொரு கதைக்கு உரியது என்று கூறி நூலை முடித்துவிடுகிறார்.

தேர்வுத்தாள் திருத்திய ஆசிரியர் எவரும் இதனைக் கண்டிருப்பர். நுண்ணறிவுள்ள மாணவன் ஒருவன் கடினமான கணக்கை எடுத்துக்கொள்வான். படிப்படியாக, ஒரு வரியும் பிசகாமல் செய்துகொண்டே வருவான். கடைசிக்கு முந்திய படி வரும்போது வழி அடைபட்டுவிடும். விடை என்னவென்று அவனுக்குத் தெரியும். பாடநூலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதே! 'ஆகவே' என்று எழுதி, விடையையும் எழுதி, அடிக்கோடும் இட்டுவிடுவான். விடை சரிதான். ஆயினும் முழு மதிப்பெண் போட எனக்குக் கை வராது. தாஸ்தாயெவ்ஸ்கியின் ஆற்றங்கரைக் காட்சி அத்தகையதோர் 'ஆகவே' ஆகும்.

குறை எதில் இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கிறதே என்பது குறையன்று. துயரமாக முடிந்தால்தான் உயர்ந்த இலக்கியம் என்று நினைப்பது கல்லூரி மாணவரிடையே பரவியுள்ள ஒரு நோய். அதற்கு நான் மருந்து தர முன்வரவில்லை. ஆசிரியரின் குறிப்பேடுகளில், ரஸ்கோல்னிகோவ் தன்னைச் சுட்டுக்கொள்ளப் போவதாக ஒரு திட்டமும் இருக்கிறது. அதனை அவர் கைவிட்டது நன்று. அந்தச் சாவு சுவித்ரிகைலோவ் என்னும் மற்றொரு பாத்திரத்துக்குப் போய், அங்கே மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

குறை, அளவில் இருக்கிறது. ஒரு கொக்கி துள்ளுவதற்கு அத்தனை வரிகள் கொடுத்தவர், ஓர் உள்ளம் திரும்புவதற்குச் சில பத்திகளே கொடுக்கிறார். நூல் முழுவதும் அவனுடைய மண்டைக்குள் இருந்து நாம் பார்த்துவந்தோம். காய்ச்சலையும் கனவையும் பொய்யையும் பொய்க்குள் பொய்யையும் உடனிருந்து கண்டோம். கடைசிப் பக்கத்தில் மட்டும் அவனை விட்டு வெளியே தள்ளப்பட்டு, தொலைவில் நின்று செய்தி கேட்கிறோம். கான்ஸ்தந்தீன் மோச்சுல்ஸ்கி என்னும் ருஷ்யத் திறனாய்வாளர், 1947-இல் வெளிவந்த தம் நூலில், இவனை இவ்வளவு நன்றாக அறிந்துவிட்ட நம்மால் இம்முடிவை நம்ப முடியாது என்னும் கருத்தை எழுதினார். அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் சிம்மன்ஸும் பின்கதை வலுவற்றது என்றே கருதினார்.

இதில் எனக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. சைபீரியச் சிறை தாஸ்தாயெவ்ஸ்கிக்குக் கேள்வியறிவு அன்று. 1849-இல் அரசியற் குற்றத்துக்காகக் கைதானவர் அவர். அவ்வாண்டு டிசம்பரில் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, சுடப்படும் தறுவாயில் உயிர் தப்பியவர். பின்பு இர்திஷ் ஆற்றங்கரையிலுள்ள ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் காலில் விலங்குடன் கிடந்தவர். வழியில் தொபோல்ஸ்க் நகரில் அவருக்குக் கிடைத்த புதிய ஏற்பாடு அந்நான்கு ஆண்டுகளும் அவருடைய தலையணைக்கடியில் இருந்தது. கதையில் வருவது அவருடைய ஆறு, அவருடைய தலையணை, அவருடைய புத்தகம். 1873-இல் எழுதிய நாட்குறிப்புக் கட்டுரை ஒன்றில் தம் கொள்கைகள் மாறியதைப் பற்றிச் சொல்லும்போது, அது விரைவில் நிகழவில்லை, நெடுங்காலம் பிடித்தது என்று அவரே கூறுகிறார். தமக்கு ஆண்டுக்கணக்கில் நேர்ந்த மாற்றத்தைத் தம் கதைத்தலைவனுக்கு ஒரே காலையில் அளித்துவிட்டார்! தெரியாமல் எழுதியவர் என்றால் மன்னித்துவிடலாம். இவ்வளவு தெரிந்தவர் எழுதாமல் விட்டதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அவசரமே காரணம் என்று சிலர் கூறலாம். அவசரம் இருந்தது உண்மை. 1864-இல் மனைவியையும் அண்ணனையும் இழந்து, கடனில் மூழ்கியிருந்தார். 1865-இல் ஸ்தெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் பெற்றுக்கொண்டு ஒரு கொடிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைத் தரவேண்டும். தவறினால் ஒன்பது ஆண்டுகள் அவருடைய எழுத்துகளை எல்லாம் ஊதியமின்றி அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். 'குற்றமும் தண்டனையும்' முடிவுறாமல் நின்றபோது, அன்னா என்னும் சுருக்கெழுத்துப் பெண்ணை அமர்த்திக்கொண்டு, அக்டோபரில் 26 நாள்களில் 'சூதாடி' என்னும் நாவலைச் சொல்லி முடித்தார். பிறகு அதே பெண்ணின் உதவியோடு இந்நூலின் இறுதிப் பகுதியை எழுதினார். அடுத்த பிப்ரவரியில் அவரையே மணந்தும் கொண்டார். அது நல்லதொரு கதை, இன்றைக்கு வேண்டாம்.

எனினும் அவசரத்தின் மீது பழி போட என் மனம் ஒப்பவில்லை. காவல் நிலையப் படிக்கட்டுக் காட்சியும் அதே அவசரத்தில் பிறந்ததுதானே! அது குறையேதும் இன்றி அமைந்திருக்கிறது. இறந்த லாசரஸ் உயிர்த்தெழுந்த வரலாற்றைச் சோனியா முன்பே படித்துக் காட்டுகிறாளே, மறுபிறப்புக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டிருக்கிறதே என்று வேறு சிலர் வாதிடுவர். வலுவான வாதம்தான். ஆனால் வித்து ஊன்றியதைக் காட்டிவிட்டு அறுவடையையும் காட்டினால் போதுமா? இடையில் பயிர் வளர்ந்ததை யார் கண்டார்கள்? லாசரஸ் கதையைக் கேட்ட பின்னும் அவன் நெடுநாள் அசையாமலே இருந்தான் என்று ஆசிரியரே காட்டியிருக்கிறாரே.

இவையெல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ரஸ்கோல்னிகோவைக் கொலைக்கு இட்டுச் சென்றது ஒரு கருத்து. அந்தக் கருத்து எங்கே தவறியது? அறிவுள்ள மாணவன் ஒருவன் நூலை மூடிவிட்டு என்னிடம் வந்து இதனைக் கேட்டால், ஆற்றங்கரைக் காட்சியைக் காட்டி அவனுக்கு விடை சொல்ல முடியாது. அங்கே கருத்து தோற்கவில்லை, மறக்கப்படுகிறது. கண்ணீர் வந்தது, கருத்து போயிற்று என்றால், கண்ணீர் உலர்ந்த பின் அது திரும்பி வராது என்பதற்கு என்ன உறுதி?

விடை அந்தப் பின்கதையிலேயே, ஆற்றங்கரைக்குச் சில பக்கங்கள் முன்னதாக இருக்கிறது என்பதுதான் விந்தை. நோயுற்றுக் கிடக்கும் ரஸ்கோல்னிகோவ் ஒரு கனவு காண்கிறான். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் உலகெங்கும் பரவுகின்றன. அவை அறிவும் விருப்பாற்றலும் உடையவை. அவை யாருடைய உடலில் புகுந்தனவோ அவர்கள் பித்தராகின்றனர். ஆயினும் தங்களைப் போல் அறிவுடையார் இல்லை, உண்மை தங்களிடமே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் உறுதியாக நம்புகின்றனர். நன்மை எது, தீமை எது என்பதில் இருவர் ஒத்துப்போக முடியவில்லை. ஊர்கள் எரிகின்றன. படைகள் திரண்டு, போகும் வழியிலேயே தமக்குள் வெட்டிக்கொண்டு மடிகின்றன. கூரைக்கடியில் ஓர் இளைஞனுடைய தலைக்குள் மட்டும் இருந்த கருத்து, எல்லாருடைய தலைக்குள்ளும் புகுந்துவிட்டால் உலகம் என்னவாகும் என்பதே அக்கனவு. நெப்போலியனாகும் உரிமை எனக்குண்டு என்றால் அடுத்த வீட்டுக்காரனுக்கும் உண்டல்லவா? ரஸ்கோல்னிகோவின் கட்டுரைக்கு இதைவிடக் கூர்மையான மறுமொழி எழுத முடியாது.

இந்தக் கனவை அவன் விழித்தெழுந்து எண்ணிப் பார்த்திருந்தால், அதில் தன் கையெழுத்தைக் கண்டு திடுக்கிட்டிருந்தால், லிசவேத்தாவின் முகம் அவனுக்கு ஒரு முறையேனும் முழுமையாக நினைவுக்கு வந்திருந்தால், பிறகு ஆற்றங்கரையில் அவன் அழுதிருந்தால் நாமும் அழுதிருப்போம். கனவு அவன் மனத்தில் துயரமாகத் தங்கியது, விலக மறுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். கையில் இருந்த திறவுகோலை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைத் தோளால் இடித்துத் திறந்ததைப் போல இருக்கிறது.

அவர் வாக்களித்த அந்த வேறொரு கதை எழுதப்படவில்லை. அதன்பின் 'அசடன்', 'கரமாசோவ் சகோதரர்கள்' முதலிய பெரிய நாவல்களை எழுதி, 1881-இல் தாஸ்தாயெவ்ஸ்கி மறைந்தார். அவற்றுள் எதிலும் ரஸ்கோல்னிகோவ் திரும்பி வரவில்லை.

நூலைப் படிக்க எண்ணுவோருக்கு ஒரு யோசனை கூறுகிறேன். ஆறாம் பாகத்தின் கடைசி வரியோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு, பின்கதையைத் தனியாக எடுத்துப் படியுங்கள். கனவு வரும் பக்கத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். அதன்பின் ஆற்றங்கரைக்குப் போங்கள். நான் கூறியதோடு உங்கள் மனம் மாறுபடுமானால், எவ்விடத்தில் மாறுபடுகிறது என்று ஒரு தாளில் குறித்து, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.